நடுப்பாலத்தில் நின்றுபோன கென்மெய்

எங்கள் ஊரில் ஒருத்திக்கு அறுபத்தாறு வயது ஆகிவிட்டால் இரண்டு காரியம் இருக்கிறது. மகள் ஆக்கிக் கொண்டுவரும் பன்றிக்கறியை, அறுபத்தாறு துண்டு, கூடாமல் குறையாமல் தின்று தீர்க்க வேண்டும். தின்ற கையோடு நெடுவாழ்வுப் பாலத்தில் இந்தக் கரையில் ஏறி அந்தக் கரையில் இறங்க வேண்டும். பாதியில் திரும்பினால் போச்சு, மிச்ச ஆயுசும் கூடவே திரும்பிவிடும் என்பார்கள். மிங் ராஜாக்கள் காலத்துக் கல்பாலம் அது. படிகளெல்லாம் நடுவில் குழிந்துபோய், மழை பெய்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் தண்ணீர் நிற்கும்.

மகள் இல்லாதவர்கள் அண்ணன் மகள், தங்கை மகள் என்று யாரையாவது பிடித்துக்கொள்வார்கள். கென்மெய்க்கு அதற்கும் வழியில்லை. அவளுக்கு ஒரே மகன், ஹைபின். அவன் லட்சணத்தைப் பேசாமல் இருப்பது நல்லது, ஆனால் பேசாமல் கதை நகராது. தெற்கே வேலைக்குப் போனவன் அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வந்து விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்கால ரயிலிலேயே திரும்பிவிட்டான். பெற்றவளிடம் ஒரு வாய் டீ கூடக் குடிக்கவில்லை.

அவன் விட்டுப்போன மனைவி யான்லிங்தான் கென்மெய்யை விடவில்லை. சூஜோ நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை, அங்கேயே வாடகை அறை. கென்மெய் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது லீவு போட்டு வந்து இருபது நாள் தலை வாரிவிட்டாள். ஒரு பண்டிகை தவறியதில்லை. இந்தப் பிறந்தநாளுக்கும் அவளேதான் போன் பண்ணினாள், "கறியை நான் ஆக்கி எடுத்தாறேன், நீங்க அடுப்புப் பக்கம் போகாதீங்க" என்று.

கென்மெய் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருக்கும்போதுதான் லிஃபாங் வாயைத் திறந்தாள். லிஃபாங் அடுத்த வீட்டுக்காரி, பாலத்தின் அந்தக் கரையில் அரிசி கேக் விற்பவள். ஊரில் எது நடந்தாலும், நடப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். "உன் பழைய மருமக மறுகல்யாணம் பண்ணிக்கப் போறாளாம்டி. ஏசி ரிப்பேர் பாக்குற ஆளாம். எல்லாம் பேசி முடிச்சாச்சாம்."

அன்றிலிருந்து பத்து நாளாகக் கென்மெய்க்குச் சோறு இறங்கவில்லை. புதுப் புருஷன், புது மாமியார், புது வீடு. பழைய புருஷனின் அம்மாவைப் பார்க்க எவன் அனுப்புவான்? இந்தக் கறிதான் அவள் கையால் தின்னும் கடைசிக் கறி என்று கென்மெய் முடிவே கட்டிவிட்டாள்.

பிறந்தநாளன்று காலையில் யான்லிங் பெரிய சாப்பாட்டு பிளாஸ்க்கோடு வந்தாள். சோயாவும் கற்கண்டும் போட்டுச் சிவக்க வேகவைத்த கறி, சுண்டுவிரல் நுனி அளவு துண்டுகள். லிஃபாங் அழைக்காமலே வந்து உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள். மறுபடி எண்ணினாள்.

"அறுபத்தஞ்சுதான் இருக்கு!"

யான்லிங் முகம் வெளிறிப்போயிற்று. "ஐயோ, உப்பு பாக்க ஒண்ணை வாயில போட்டுட்டேன்."

"அடிப்பாவி, ஒரு வருஷ ஆயுசை முழுங்கிட்டியே!" என்று லிஃபாங் கன்னத்தில் கை வைத்தாள்.

"என் ஆயுசு, அவ முழுங்கினா உனக்கென்ன?" என்றாள் கென்மெய். ஒரு துண்டைக் குச்சியால் எடுத்து, பல்லால் இரண்டாகக் கடித்து, இரண்டு பாதியையும் திரும்பக் கிண்ணத்தில் போட்டாள். "இப்ப எண்ணு. அறுபத்தாறு."

கறி தேவாமிர்தமாக இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மருமகளாக இந்த வீட்டுக்கு வந்தபோது வெந்நீர் வைக்கத் தெரியாத பெண். கென்மெய் ஒவ்வொரு துண்டாக மென்றாள். கடைசித் துண்டை மட்டும் விழுங்க மனமில்லாமல் வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்தாள்.

லிஃபாங் கடை திறக்க முன்னால் ஓடிவிட, இவர்கள் இருவரும் பாலத்துக்கு வந்தார்கள். எட்டாம் மாதம், கரை முழுக்கப் பூ மணம், கூட்டத்துக்கும் குறைவில்லை. யாரோ ஒரு சுற்றுலாக் குழு குடையும் செல்ஃபிக் குச்சியுமாகப் படியை அடைத்துக்கொண்டு நின்றது. யான்லிங் வழி விலக்கிக்கொண்டே கென்மெய்யின் முழங்கையைப் பிடித்து ஏற்றினாள்.

உச்சிக்கு வந்ததும் யான்லிங் நின்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

கென்மெய் முந்திக்கொண்டாள். அவள் சொல்லும் முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று பத்து நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எடுத்துவிட்டாள்.

"தெரியும். ஏசி ரிப்பேர்."

"பேரு தாங்."

"ஆளு எப்படி?"

"நான் பேசுறப்ப போனைக் கீழ வெச்சிட்டுக் கேக்குறாரு."

"அப்ப நல்லவன்தான்," என்றாள் கென்மெய். "சந்தோஷமா இரு. இனிமே இங்க வந்துக்கிட்டுப் போய்க்கிட்டு இருக்காத. அந்த வீட்டுல ஒரு மாதிரி நெனப்பாங்க. எனக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல, கை கால் நல்லாத்தான் இருக்கு. போன்கூட பண்ண வேணாம்."

"முடிஞ்சுதா? இப்ப நான் பேசலாமா?"

"பேசு."

"கல்யாணம் பத்தாம் மாசம். பொண்ணு பொறந்த வீட்டுலேர்ந்துதானே கிளம்பணும்? எங்கம்மா நான் ஏழு வயசா இருக்கும்போதே போய்ட்டாங்க. எங்கப்பா வீட்டுல எனக்குன்னு ஒரு நாற்காலிகூட இல்ல, உங்களுக்கே தெரியும். அன்னைக்குக் காலைல உங்க வீட்டுல உடுத்திக்கிட்டு, இந்தப் பாலத்து வழியா நான் போறேனே."

கென்மெய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? மருமகளை மாமியாளே கட்டிக்குடுத்தான்னா ஊரு வயித்தைப் புடிச்சிக்கிட்டு சிரிக்கும்டி! ஹைபின் பொறந்த வீடு அது. நாளைக்கு அவன் வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?"

"சரி, விடுங்க. ஹோட்டல்ல ஒரு ரூம் போட்டுக்கிறேன். இப்பல்லாம் நெறைய பேர் அப்படித்தான் கிளம்புறாங்க."

"ஹோட்டல்லேர்ந்தா? நீ என்ன அனாதையா?"

"அதைத்தான் கேக்க வந்தேன்," என்றாள் யான்லிங். "அனாதையா, இல்லையான்னு."

கென்மெய் பாலத்தின் கைப்பிடிக் கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் குடைகள் முட்டின. யாரோ, "பாட்டிம்மா, கொஞ்சம் நகருங்களேன், போட்டோல விழுறீங்க" என்றார்கள். அந்தக் கரையிலிருந்து லிஃபாங் கத்தினாள். "ஏய் கென்மெய்! நடுப்பாலத்துல என்னடி பேச்சு? திரும்பித் தொலைச்சிடாத, எறங்கி வா!"

கென்மெய் எங்கே திரும்புவது, கால்தான் எழவில்லையே. இந்த உச்சியில்தான் அன்றைக்கு யான்லிங் மணப்பெண்ணாக வந்து, குதிகால் உயர்ந்த செருப்போடு தடுமாறி நின்றாள். கீழே காத்திருந்த கென்மெய், "குச்சியாட்டம் இருக்கா, இவ எங்க தண்ணி தூக்கப்போறா" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். அவளுக்கு ஒரு உண்மை தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. தான் பெற்ற பிள்ளையைவிட இந்தப் பெண் மேல்தான் அவளுக்குப் பிரியம். மகன் வருவானா என்று வாசலைப் பார்த்து நாளாகிவிட்டது. யான்லிங் வரும் நாளில் மட்டும் காலையிலிருந்து மூன்று தடவை வாசல் பெருக்குவாள். பெற்ற தாய் இப்படி இருக்கலாமா என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் கிடக்கட்டும், பிரியத்தை என்ன செய்வது?

யான்லிங் அவளைப் பார்க்காமல் கீழே போகும் படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தாம் மாசம் எத்தனாந்தேதி?" என்றாள் கென்மெய்.

"பதினெட்டு."

"கூறு இருக்கா உனக்கு? சீருக்குப் பட்டுப்பஞ்சுப் போர்வை ஆறு தைக்கணும். பஞ்சை இழுத்துப் பரப்பவே நாலு பேர் வேணும். ரெண்டு மாசத்துல எப்படி முடியும்? போன மாசமே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

யான்லிங் திரும்பினாள். "ஆறு வேணாம், ரெண்டு போதும்."

"ரெண்டா? ரெண்டே ரெண்டு போர்வையோட அனுப்பினா அந்தத் தாங்கோட அம்மா என்னைப் பத்தி என்ன நெனப்பா? வாயை மூடிக்கிட்டு என் கையைப் புடி. படி வழுக்குது."

யான்லிங் சிரித்தாள், கூடவே அழுதாள். ஐந்து வருஷமாக எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மொட்டையாகவே பேசி வந்தவள், "மெதுவா எறங்குங்கம்மா" என்றாள்.

அவ்வளவுதான். மூன்றாவது படியில் கென்மெய் உடைந்துவிட்டாள். ஓவென்று அழுகை. கைக்குட்டை தேடவும் முடியாமல், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிறந்தநாள்காரி அழுதுகொண்டே இறங்கினாள். குடைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

லிஃபாங் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தாள். "என்னடி ஆச்சு? முட்டி பெசகிடுச்சா? விழுந்தியா?"

"பத்தாம் மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம்டி," என்றாள் கென்மெய், விம்மல்களுக்கு நடுவில்.

லிஃபாங் ஒருத்தி முகத்தைப் பார்த்தாள், அடுத்தவள் முகத்தைப் பார்த்தாள்.

"அட கிறுக்கச்சி, பொண்ணு கிளம்பிப் போறப்பல்ல அம்மாக்காரி அழணும்? அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கே!"

"அதுக்கு வேற அழுகை வெச்சிருக்கேன்," என்றாள் கென்மெய்.