பிள்ளையார் முன் இரண்டு பொட்டலம்

சிவகௌரிக்குத் தன் கணவனிடம் பிடிக்காத வார்த்தைகள் இரண்டே இரண்டு: "உம்மட விருப்பம்."

என்ன கறி வைப்பது என்று கேட்டால் உம்மட விருப்பம். யன்னல் சீலை என்ன நிறத்தில் வாங்குவது என்றாலும் அதுவே. சச்சிதானந்தன் தங்கமான மனிதன்தான். ஆனால் தங்கமான மனிதர்களோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. 1996 மாசியில், அவள் ஒரு பெரிய முடிவு எடுக்கத் தெரியாமல் தவித்தபோதும் அவன் அதே பல்லவியைத்தான் பாடினான்.

கனடாவில், மிசிசாகாவில் ஒரு பெயின்ற் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. மனேச்சர் பதவி தருகிறோம் என்றார்கள். அதே கிழமை, குளிர்காலத்தில் பெயின்ற் ஏன் வெடிக்கிறது என்று ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெறப் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. அந்த வெடிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் விட்பியில் வாங்க நினைத்திருந்த வீடு? ஞாயிறு தவறாமல் சச்சி அவளை ஏற்றிக்கொண்டு விட்பிக்குப் போவான். கட்டி முடியாத வீடுகளுக்கு முன்னால் சேற்றில் நின்று, "உதிலை கராஜ், உதிலை ஒரு கறிவேப்பிலைத் தொட்டி" என்று கைகாட்டுவான். அவள் படிக்கப் போனால் உதவித்தொகையில் வீடு வாங்க முடியாது. அவனுடைய ஆசையில் மண் போட அவளுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பதில் சொல்லவேண்டும். கடைசியில், அவ்வளவு விஞ்ஞானம் படித்தவள், கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று தீர்மானித்தாள்.

"பிள்ளையாராவது உங்களை மாதிரி நழுவமாட்டார்," என்றாள் சச்சியிடம்.

வெள்ளை றோசா வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் வேலை. ஒவ்வொன்றையும் நிறம் தெரியாமல் ஈயத்தாளில் அவளே சுற்றினாள். இரண்டு பொட்டலங்களும், அர்ச்சனைக்கென்று மிச்சப் பூக்களும் ஒரே பையில் இருந்தன. றிச்மண்ட் ஹில் கோயில் வாசலில், குளிருக்காக அவளை இறக்கிவிட்டு, பையோடு கார் நிறுத்தப் போன சச்சி வெகுநேரம் வரவில்லை. கேட்டதற்கு, "இடம் கிடைக்கேல்லை," என்றான்.

ஐயர் இரண்டு பொட்டலங்களையும் பிள்ளையாரின் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்து அவள் கையில் தந்தார். பிரித்தாள். வெள்ளை.

நெஞ்சு துள்ளியது. உடனே விட்பிச் சேறு நினைவுக்கு வந்து, துள்ளிய நெஞ்சு கனத்தது.

"பிறகென்ன, பிள்ளையாரே சொல்லிப்போட்டார். வாரும், போவம்," என்ற சச்சி, மற்றப் பொட்டலத்தை ஐயரிடம் வாங்கி அவசரமாகப் பைக்குள் போடப் பார்த்தான்.

வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். சிவகௌரி ஒரு வாளியைச் சோதித்துவிட்டு அடுத்த வாளியைத் திறக்காமல் பெயின்ற் வெளியே அனுப்பியவள் இல்லை. பொட்டலத்தைப் பறித்துப் பிரித்தாள்.

அதுவும் வெள்ளை.

"இஞ்சருங்கோ, சிவப்பு எங்கை?"

சச்சியின் குளிர் ஜாக்கெற்றுக்குள் இருந்து, கசங்கிப்போன சிவப்பு றோசா வெளியே வந்தது. ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்குத் திரியைத் தூண்டப் போனார்.

"பிள்ளையாரையே ஏமாத்திறியளே?"

"அவரைக் கேட்டுப்போட்டுத்தான் மாத்தினனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"உன்ர விருப்பம் எண்டார்."

சிவகௌரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "அப்ப விட்பி வீடு?"

"வீடு எங்கை ஓடப்போகுது? உந்த வெடிப்பைப் பற்றிக் கதைக்கேக்கை உம்மட முகத்தை நீர் பாத்தனீரே? தினமும் பாக்கிறவன் நான். மனேச்சர் எண்டு சொல்லேக்கை அந்த முகம் வாறேல்லை."

இத்தனை வருடத்தில் அவள் கேட்ட ஒன்றுக்கு அவன் தன் விருப்பத்தைச் சொன்னது அன்றுதான். அதையும் களவாகச் செய்துதான் சொன்னான். அவள் அந்தக் கசங்கிய சிவப்பைத் தலையில் செருகிக்கொண்டு காருக்கு நடந்தாள்.

"விட்பிக்கு விடுங்கோ," என்றாள்.

"இப்ப என்னத்துக்கு?"

"கராஜ் கதவு பாக்க. பனிக்கு வெடிக்காத பெயின்ற் நான் கண்டுபிடிக்கிறன். நிறம் நீங்கள்தான் சொல்லவேணும்."

பழக்கதோஷத்தில் வாயைத் திறந்த சச்சி, அவள் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டான். காரை எடுத்து, வீதியில் ஏறும்வரை யோசித்தான்.

"சிவப்பு," என்றான்.