இந்த வாசலில் மட்டும்

எட்டு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் தவநாயகி மோர்டனிலிருந்து ரயிலேறி, ஊரிலிருந்து கள்ளப் பாஸ்போர்ட்டில் வந்து பிடிபட்ட அண்ணனைச் சிறையில் போய்ப் பார்த்தாள். "எப்படியும் திருப்பி அனுப்புவாங்கள், வீணா அலையாதை" என்ற சொந்தக்காரரோடு பேச்சையே நிறுத்தினாள். வக்கீலை நச்சரித்தே அகதிக் கேஸை வெல்ல வைத்தாள்.

இன்று விடுதலை. வெளியே வந்த அண்ணன், ஊர்ப் பழக்கத்தில் காவலாளியைப் பார்த்து, "ஐ வில் கோ அண்ட் கம், சேர்" என்று கும்பிட்டார்.

தவநாயகிக்குச் சுருக்கென்றது. "அண்ணை, உங்களுக்கென்ன விசரே? போயிட்டு வாறன் எண்டு சொல்லுற இடமே இது? போறன் எண்டு சொல்லுங்கோ."

பிறந்ததிலிருந்து எந்த வாசலிலும் அவர் சொல்லாத சொல். நிமிர்ந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி தமிழிலேயே சொன்னார்.

"போறன்."