குளோரைடு இல்லாத பாட்டில்

என் வீட்டுக்காரர் உயிர்ச் செல்லின் மேல் மெல்லிய கண்ணாடி ஊசியை ஒட்டி மின்னோட்டம் அளக்கிறவர். அதே ஆய்வுக்கூடத்தில் அவருக்கு உப்புக் கரைசல் கலக்கிக் கொடுக்கிறவள் நான். வீட்டில் சமையல் அவருடையது. உப்பைப் பற்றிய சண்டை இரண்டு இடத்திலும் உண்டு.

தண்ணீர் புகுந்து செல் வீங்கினால் அதன் சவ்வில் இரண்டு வாசல்கள் சேர்ந்தே திறக்கும். ஒன்றில் குளோரைடு வெளியேறும், மற்றதில் பொட்டாசியம். பின்னாலேயே தண்ணீரும் போய், செல் பழைய அளவுக்கு வரும். இந்த இரண்டில் குளோரைடு வாசல்தான் எஜமான் என்று இவர் கண்டுபிடித்தார். சுற்றியுள்ள கரைசலில் குளோரைடை எடுத்துவிட்டால் பொட்டாசியம் வாசல் திறப்பதே இல்லை. பதினேழு செல்லிலும் அப்படித்தான். இருபது ஆகட்டும், கட்டுரையை அனுப்பலாம் என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லியிருந்தார். அனுப்பாவிட்டால் மாதக் கடைசியோடு இவருக்கு வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை, குளோரைடு இல்லாத கரைசல் பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. புதிதாகக் கலக்கப் போனேன். குளோரைடுக்குப் பதிலாகக் குளுக்கோனேட் போடுவோம். அதற்குக் கொஞ்சம் கைநீளம். கரைசலில் இருக்கிற கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈடுகட்டக் கூடுதலாகக் கால்சியம் சேர்க்க வேண்டும். என் குறிப்பேட்டில் அந்த வரி இல்லை. நாலு மாதம் முன்பு பழைய நோட்டிலிருந்து எழுதி எடுத்தபோது விட்டிருக்கிறேன். பொட்டாசியம் வாசல் திறக்கக் கால்சியம் வேண்டும். எஜமானாவது மண்ணாவது! பதினேழு செல்லிலும் அது திறக்காததற்கு என் கரைசல்தான் காரணம்.

அவரிடம் சொல்லாமல் சரியாகக் கலந்து கொடுத்தேன். சொல்ல தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். மதியத்துக்குள் நாலு செல் பார்த்தார். நாலிலும் பொட்டாசியம் வாசல் ஜம்மென்று திறந்தது. செல் சரியில்லை என்றார். ஊசியை மாற்றினார். செல் வளர்த்துத் தருகிற பக்கத்து மேசைக்காரியைப் பிடித்துக் காய்ச்சினார். பாவம், அவள் முகம் சுண்டிப்போனது. அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவரைக் குளிர் அறைக்குக் கூட்டிப்போய், தப்பு என்னுடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

பாட்டில் அடுக்கியிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பழைய பாட்டில்ல இருக்கறது, இன்னும் மூணு செல்லுக்கு வருமா?"

பன்னிரண்டு வருடமாக இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன். அந்த நிமிடம் எனக்கு வந்தது கோபமில்லை, பயம். காலையில் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அதையேதான் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன்.

"வரும்," என்றேன். "அதான் கொட்டிட்டேன்."