படகுக்கு லாரி பேட்டரி ஆகாது

சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். பிரேமலா மறுபடியும் திருப்பினாள். மறுபடியும் அதே 'டக்'. நேற்று வாங்கி வந்த புத்தம்புது பேட்டரி இரண்டு, காலையில் அவளே குனிந்து நிமிர்ந்து இடுப்பொடிய மாட்டியவை, இப்படி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பதறாது? அதுவும் கெலாங் பாத்தா பக்கத்துப் படகு ஜெட்டியில், படகுக்குள் இருக்கிற அவளை மேலே இருந்து கைகட்டி நின்று பார்ப்பது புருஷனுடைய அண்ணன் குணாளன் என்றால் கேட்கவே வேண்டாம். அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலை. பாவம் இந்தப் பெண் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான், அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படகு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. தூண்டில் போட வருகிறவர்களை கடலுக்குள் மீன் வளர்க்கும் கெலோங் பண்ணைப் பக்கம் கூட்டிப்போய், ஐந்தாறு மணி நேரம் நங்கூரம் போட்டுவிட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் தொழில். ஓட்டுகிறவன் அவள் புருஷன் ஹேமநாதன். எது வாங்குவது, எதை மாற்றுவது என்று முடிவு செய்கிறவன் குணாளன். இருபத்திரண்டு வருஷம் சிகாமட்டுக்கும் சிங்கப்பூருக்கும் லாரி ஓட்டியவன். அவனுக்குப் பேட்டரி என்றால் லாரி பேட்டரி. படகிலும் அதையே ஒன்றுக்கு இரண்டாக வைத்து, பேட்டரி மாற்றுகிற சுவிட்சை எந்நேரமும் இரண்டும் சேர்ந்து ஓடும்படி திருப்பி வைத்திருந்தான். பலம் கூடுதலாம்.

கூடிய பலம் மூன்று வாரத்துக்கு முன்னால் நடுக்கடலில் தெரிந்தது. நங்கூரம் போட்ட நேரம் முழுக்க, இரைக்கு உயிரோடு வைத்த இறால் தொட்டியின் மோட்டார் ஓட, மீன் காட்டுகிற திரை எரிய, வந்த நாலு பேரும் போனுக்குச் சார்ஜ் ஏற்ற, கிளம்பும்போது இரண்டு பேட்டரியும் ஒன்றாகப் படுத்துவிட்டன. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிற எஞ்சினும் இல்லை. நங்கூரம் வேறு பிடிப்பு விட்டு இழுபட்டு, படகு கப்பல் போகிற பாதைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனது. ஒரு மலாய் மீனவர் பார்த்துக் கட்டி இழுத்து வந்தார். ஹேமநாதனுக்கு நீச்சல் தெரியாது. வீட்டுக்கு வந்தவன் குளித்தான், சாப்பிட்டான். படுக்கப் போகுமுன் லைஃப் ஜாக்கெட்டை எடுத்து அதன் வாரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். அதைப் பார்த்த பிறகுதான் பிரேமலா வாயைத் திறந்தாள்.

அவள் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் சார்ஜ் செய்கிற அறையில் வேலை பார்த்தவள். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, அளவு பார்த்து, எது தேறும் எது தேறாது என்று மோந்தே சொல்லிவிடுவாள். லாரி பேட்டரி விருந்துக்கு வந்த பெரிய மனிதர் மாதிரி, வாசலில் ஒரு ஆர்ப்பாட்டம், அதோடு சரி. எஞ்சினை ஒரு உலுக்கு உலுக்கி எழுப்பும். மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்றால் செத்துப்போகும். நாள் முழுக்க நிதானமாகக் கொடுக்கிற ஜாதி வேறு. எஞ்சினுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் அந்த நிதானமான ஜாதியில் ஒன்று, இரண்டையும் சேர்க்கவே கூடாது. இதை அவள் மூன்று வாரமாகச் சொன்னாள். குணாளன் மறுபடியும் லாரிக் கடைக்கே போகக் கிளம்பினான். அவள் தன் கைக்காசைப் போட்டு, தானே கடைக்குப் போய், இரண்டு பேட்டரியையும் தூக்க மாட்டாமல் தூக்கி வந்தாள்.

"வச்சுப் பாரு. நாளைக்கு ஸ்டார்ட் ஆகலன்னா அப்புறம் படகு பக்கமே வரக்கூடாது. நான் வைக்கிறதுதான் பேட்டரி," என்று குணாளன் நேற்றே தீர்மானமாகச் சொல்லியிருந்தான். ஆக, இன்றைக்கு எஞ்சின் எழும்பாவிட்டால் நாளையிலிருந்து அவள் புருஷன் மறுபடியும் லாரி பேட்டரியை நம்பிக் கடலுக்குப் போகவேண்டும். பிரேமலாவுக்கு இதுதான் கணக்கு. மானம், ரோஷம் எல்லாம் அப்புறம்.

மீட்டரை எடுத்து வைத்தாள். பேட்டரி முனையில் பன்னிரண்டே முக்கால் வோல்ட் காட்டியது, பேட்டரி நிறைந்துதான் இருந்தது. படகில் கூட இருந்த ஹேமநாதனைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, முனையில் மீட்டரின் ஒரு ஊசி, அதன்மேல் இறுக்கிய கிளாம்பில் ஒரு ஊசி என்று வைத்துப் பார்த்தாள். முனைக்கும் கிளாம்புக்கும் நடுவிலேயே வோல்ட்டில் பாதி காணாமல் போயிருந்தது. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, முகம் சுட்டது.

நேற்று சாயங்காலம் மாமியார் வெள்ளையம்மா புது பேட்டரிகளுக்குப் பூசை போட்டாள். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றி, நாலு முனையிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தாள். தொழிற்சாலையில் ஆயுத பூசைக்கு மேல்மூடியில்தான் பொட்டு வைப்பார்கள், முனையில் யாரையும் விரல் வைக்க விடமாட்டாள் பிரேமலா. ஆனால் கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவள் வாங்கி வந்த ஒரு பொருளுக்கு அந்த வீட்டில் பொட்டு வைத்தது அதுதான் முதல் தடவை. காலையில் துடைக்கத் துணியை எடுத்தாள். மனசு வரவில்லை. காய்ந்த சந்தனம்தானே, இறுக்கினால் போதும் என்று தெரிந்தே தனக்குத்தானே பொய் சொல்லி, அதன்மேலேயே கிளாம்பை மாட்டிவிட்டாள். அடிப் பைத்தியக்காரி! வேலைக்கு வந்த புதுப் பெண் இதைச் செய்திருந்தால் அன்றைக்கே காதைத் திருகியிருப்பாள்.

மேலே இருந்து குணாளன், லாரிக் கடை பத்து மணிக்குத் திறந்துவிடும் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். யாருக்கும் தெரியாமல் துடைத்துவிடலாம். வயர் சரியில்லை என்று ஏதாவது சொல்லலாம். பிரேமலா கிளாம்பைக் கழற்றி, சந்தனம் படிந்த உட்பக்கம் தெரியும்படி அவனுக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"தப்பு என்னோடது மாமா. சந்தனத்தத் துடைக்காம மாட்டிட்டேன். பேட்டரி மேல ஒரு குத்தமும் இல்ல."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் காத்திருக்கவில்லை. உப்புத்தாளை எடுத்து நாலு முனையையும் ஈயம் பளபளக்கத் தேய்த்தாள், கிளாம்பின் உட்பக்கத்தையும் தேய்த்தாள், ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே மூச்சில் எழும்பியது.

ஜெட்டியில் ஸ்டார்ட் ஆவது பெரிய விஷயமா, வெளியே போனால்தானே தெரியும் என்றான் குணாளன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்படியானால் ஏறுங்கள் என்றாள். தயங்கினான். ஹேமநாதன் இறங்கிக் கரையில் நிற்கட்டும், நாம் இரண்டு பேர் போவோம் என்றாள். தம்பி பெண்டாட்டிக்கு முன்னால் பயந்தவனாகத் தெரிய எந்த அண்ணனுக்குத்தான் பிடிக்கும்? ஏறினான்.

புருஷன் ஓட்டுவதைப் பார்த்துப் பழகியவள், அவளே ஓட்டிப்போய், அன்றைக்குப் படகு செத்துக் கிடந்த அதே இடத்தில் நங்கூரம் போட்டு, நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, எஞ்சினை அணைத்தாள். இறால் தொட்டியின் மோட்டார், திரை, பகலென்றும் பாராமல் விளக்கு, எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரம் போனது. இரண்டு போனது. தூரத்தில் ஒரு கப்பல் வீடு நகர்வதுபோல் நகர்ந்தது. குணாளன் அதைப் பார்ப்பான், திரையைப் பார்ப்பான், கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். மூன்றாவது மணியில் பொறுக்க முடியாமல் பழக்க தோஷத்தில் கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனான், இரண்டையும் சேர்க்க.

"கைய எடுங்க மாமா."

எடுத்தான். எடுத்த பிறகுதான் தான் எடுத்துவிட்டது அவனுக்கே உறைத்தது போலிருந்தது.

ஐந்து மணி நேரம் முழுசாக முடிந்தபின் அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் தடங்கலில்லாமல் எழும்பி உறுமியது. குணாளன் தொண்டையைக் கனைத்தான். பரவால்ல என்றான். பிறகு, எப்போதும்போல அதிகாரமாக, "சரி, எந்திரி. நான் ஓட்டுறேன்," என்றான்.

பிரேமலா எழுந்திருக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நங்கூரத்தத் தூக்குங்க," என்றாள்.

நீரோட்டம் இழுத்த இழுப்பில் கயிறு விறைத்துத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. குணாளன் எழுந்து போய் அதன் பக்கத்தில் நின்றான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.