பஜ்ஜி மடித்த தாள்

கன்னடரும் மராத்தியரும் உரிமை கோரும் எல்லை ஊரான பெலகாவியில் ஊர்வலம் வருகிறதென்றால் கடைக்காரர்கள் முதலில் ஒளித்து வைப்பது பத்திரிகையைத்தான். கன்னடக் கொடி வந்தால் மராத்திப் பத்திரிகை அடியில் போகும். மராத்திக் கொடி வந்தால் கன்னடம் போகும். பஜ்ஜிக்கடை வைஜயந்தி வீட்டில் மராத்தி, கடையில் கன்னடம் பேசுகிறவள். அன்று வரவிருந்தது கன்னட ஊர்வலம் என்பதால், பஜ்ஜி மடிக்கும் தாள்களில் கன்னடம் மேலே வரும்படி காலையிலேயே அடுக்கிவிட்டாள். போன ஊர்வலத்தில் பக்கத்துத் தையல்கடையை அடித்து நொறுக்கியதைக் கண்ணால் பார்த்தவள். இந்தக் கடையும் போனால் சோற்றுக்கு வழியில்லை.

தாவணகெரேயிலிருந்து லாரியில் வந்திறங்கிய கூட்டத்தின் தலைவன் ஹாலேஷ், கையில் தடியோடு நேராக அவளிடம் வந்தான்.

"அக்கா, மொளகா பஜ்ஜி நாலு. சூடா!"

பயத்தில் அவள் கை அடியிலிருந்த தாளை உருவிவிட்டது. மடித்துக் கொடுத்த பிறகுதான் கவனித்தாள். மராத்தி! போதாக்குறைக்கு ஹாலேஷின் படம் வேறு. கீழே, 'கூலிக்குக் கல்லெறியும் கும்பலின் தலைவன்'.

"ஏய், இது நான்தானே!" பஜ்ஜி அவன் வாயிலேயே நின்றது. "என்ன போட்டிருக்கான்? பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். நீ படி."

அவள் தாளை எட்டிப் பார்த்தாள். "பெரிய... பெரிய தலைவர்னு போட்டிருக்குண்ணா. யாருக்கும் அஞ்சாதவராம்."

"தலையில கோடு போட்ட எழுத்து மராத்தின்னு எனக்கும் தெரியும். மராத்திக்காரன் என்னைப் புகழ்றானா?" தாளைப் பின்னால் நின்ற, மூக்குக்கண்ணாடி போட்ட தன் ஆளிடம் நீட்டினான். "நாகேந்திரா, நீதான் காலேஜ் போனவனாச்சே, மராத்தியும் படிப்பே. இவ சொல்றது நெஜமா?"

நாகேந்திரன் படித்தான். வைஜயந்தியைப் பார்த்தான். அப்புறம் ஹாலேஷின் தடியைப் பார்த்தான். அடப்பாவி, இவனுக்கும் என் பயம்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

"அக்கா சொன்னதுதாண்ணா" என்றான் ஈனக்குரலில்.

ஹாலேஷுக்குத் தலைகால் புரியவில்லை. தாளிலிருந்த எண்ணெயைத் தன் சட்டையிலேயே ஒற்றி எடுத்தான்.

"இங்க தொறக்கப்போற நம்ம ஆபீஸ் வாசல்ல கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுடா. போறவன் வர்றவனெல்லாம் படிக்கட்டும்!"

போகிறவன் வருகிறவன்! இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகூட இரண்டு மொழியும் படிக்கும். நாகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். வைஜயந்தி அடுப்பை அணைத்தாள்.

நாலடி நடந்த ஹாலேஷ் திரும்பினான்.

"ஞாயித்துக்கிழமை தொறப்பு விழாவுக்கு நீயும் வரணும்க்கா. மைக்ல நீதான் படிச்சுக் காட்டணும்."