ஏழு மீட்டர் நகர்ந்த மீன் கடை

என் இரண்டு கண்ணாணை, இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய்யென்றால் மத்தியானம் நான் தின்ற வஞ்சிரம் செரிக்காமல் போகட்டும்.

முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் பூபாலன் மீன் வறுத்து விற்கிறான். பலகைச் சுவர், தகரக் கூரை, மணலில் முழங்கால் ஆழம் புதைந்த கடை. கடற்கரைக் கட்டடங்களைக் கண்காணிக்கும் அலுவலகத்தார் ஒருநாள் நாடாவோடு வந்தார்கள். அலை ஏறும் கோட்டிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி இருக்கவேண்டிய கடை, நூற்றுத் தொண்ணூற்றாறில் இருந்தது. இடிக்கச் சொல்லி செங்கல்பட்டு கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார்கள்.

பூபாலன் தன் ஃப்ரீசரை எதிர்க்கடைக்காரர் வேண்டாவிடம் அடகு வைத்து, வக்கீல் பிரிசில்லாவைப் பிடித்தான். எட்டு மாதம், பதினோரு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் துணைக்கு என்னையும் இழுத்துப் போவான். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டான். கோர்ட்டில் குழாயடிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே அவன் நடந்த நடையில் தரை பள்ளமாகி, மழைக்கு அதில் தவளை குடியேறியது.

பன்னிரண்டாம் வாய்தாவில் அலுவலகத்தின் வக்கீல் எழுந்தார். "மறுபடி அளந்தோம். கடை இருநூற்று மூன்றில் இருக்கிறது. வழக்கை வாபஸ் வாங்குகிறோம்."

பூபாலன் என் தோளைக் குலுக்கினான். "ஜெய்ச்சிட்டோமா, சாலமோன் மாமா? ஃப்ரீசர மூட்டுக்கலாம்ல?"

"குதிக்காதீங்க அண்ணா" என்றாள் பிரிசில்லா. "கேஸு பாதில முடிஞ்சா, செலவு யாருதுன்னு ஒரு கேள்வி கீது. நீங்களே கடைய நகத்தி இருந்தா, தப்ப ஒத்துக்கினு சரி பண்ணிட்டதா ஆயிடும். செலவு உங்க தலைலதான். நீங்க நகத்தலன்னா அவங்கள கேக்கலாம்."

"சனிக்கெழமைக்குள்ள மூட்கலன்னா ஃப்ரீசர் வேண்டாவுக்கே சொந்தம்னு எழுதிக் குத்துக்கீறேன் மாமா! மீனெல்லாம் இன்னாத்துல வெப்பேன்? நீதான தெனம் அங்கயே குந்திகினு கீற? பாத்தத சொல்லேன்!"

சாட்சிக் கூண்டில் ஏறி, பார்த்ததைச் சொன்னேன்.

"நண்டுங்கதான் ஐயா நகத்துச்சி."

"எந்த நண்டு?" என்றார் ஜட்ஜ்.

"நம்ம கரை நண்டுதான். கேஸு முடியறவரைக்கும் வம்பு வேணாம்னு பூபாலன் நண்டு வறுக்கறத நிறுத்திட்டான். அதுங்களுக்கும் நன்றி இருக்குமில்ல? தெனம் காலைல நாப்பது நாப்பத்தஞ்சு வந்து, அடியில பூந்து முதுகு குடுக்கும். நாளைக்கி ஒன்றரை விரக்கடை."

எதிர்வக்கீல் துள்ளி எழுந்தார். "நண்டு பக்கவாட்டில்தானே நடக்கும்? கடை எப்படி மேற்கே போகும்?"

"அதுங்க மாமல்லபுரத்த பாத்து நிக்கும் சார். தெக்க பாத்து நின்னா, பக்கவாட்டுல மேக்குதான?"

அவர் விரலால் காற்றில் திசை போட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

பூபாலன் அதற்குள் சட்டையின் மேல் பொத்தானைத் திருகித் திருகிப் பிய்த்திருந்தான். பிரிசில்லா மட்டும் அலுவலகத்தின் மனுவையே புரட்டி, நான்காம் பத்தியைப் படித்தாள்: "இக்கரையின் நண்டு முதலான உயிர்கள் யாவும் எங்கள் பாதுகாப்பில் உள்ளன." பிறகு நிமிர்ந்தாள். "கடையை நகர்த்தியது என் கட்சிக்காரர் இல்லை ஐயா. அவர்கள் பாதுகாப்பில் இருப்பவர்கள்தான்."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பூபாலனின் செலவை அலுவலகமே தரவேண்டும் என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமையே பணம் வந்துவிட்டது. வேண்டா முணுமுணுத்துக்கொண்டே ஃப்ரீசரைத் திருப்பிக் கொடுத்தார். பூபாலன் அதன் மேல் ஏறி உட்கார்ந்தான். எட்டு மாதத்தில் அவன் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் கடைக்கு அடியில், மணலுக்குள், நான்கு சக்கரங்கள் உண்டு.