பக்கத்துச் சீட்டு

மகளின் பிரசவத்துக்குப் போக விமான டிக்கெட் போட்டபோது, தையற்காரம்மா பழக்க தோஷத்தில் பயணிகள் இரண்டு என்று அழுத்திவிட்டாள். கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவும் கால் நீட்டிப் படுக்கிற விலை கூடிய சீட்டு.

"ஒண்ணை ரத்து பண்ணுங்க அத்தை. காலிச் சீட்டுக்கு ஏன் காசைக் கரியாக்கணும்?" என்றார் மருமகன் போனில்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை. ஒவ்வொரு தடவையும் முட்டி வலியோட மடங்கி உட்கார்ந்தே வந்த மனுஷன். கால் நீட்ட ஒரு காசான்னு நான்தான் அவர் வாயை அடைச்சேன்."

விமானம் கிளம்பியதும் கண்ணயர்ந்தாள். விழித்தபோது பணிப்பெண் போர்வையோடு நின்றாள்.

"நான் கேக்கலையேம்மா."

"சார் கேட்டாரு. உங்களுக்குக் குளிருமாம், எழுப்ப வேண்டாம்னாரு."

"எந்த சார்?"

"இங்கதானே இருந்தாரு..." பணிப்பெண்ணின் குரல் இறங்கிப்போனது.

பக்கத்துச் சீட்டில் யாருமில்லை. ஆனால் பெல்ட் பூட்டியிருந்தது. கால்பலகை முழுக்க உயர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடு.

பணிப்பெண் போகும்வரை காத்திருந்து, அந்தப் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"இப்பவாவது வலி இல்லாம இருக்கா?"

கால்பலகை மெல்ல ஒருமுறை கிறீச்சிட்டது, யாரோ காலை மாற்றிப் போட்டதுபோல.